சிக்கனத்தில் போன ஸீட்

காலை ஐந்தே கால், ஆறு பேர், டிரைவர் ஏகாம்பரம். எங்கள் பிழைப்பு தினமும் இப்படித்தான் தொடங்கும். அரசாங்க விமானக் கம்பெனியில் கவுண்டர் உத்தியோகம் என்றால் வெளியே நல்ல மரியாதை, உள்ளே நஷ்டம். எழுபதுகளில் நஷ்டத்தில் ஓடிய ஏதாவது ஒரு கம்பெனியில் நீங்களும் குப்பை கொட்டியிருந்தால், மீதியை நான் சொல்லவே வேண்டாம்.

வேன்

மயிலாப்பூர், அடையாறு என்று வீட்டு வாசலிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் போன வேன் அது. ஓவர்டைமை நிறுத்திய சிக்கனச் சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அந்த வசதியும் போயிற்று. இனிமேல் கிண்டியில்தான் ஏற வேண்டும். ஆனால் வேன் நிற்கும் ஷெட் இருந்தது மயிலாப்பூரில். நாங்கள் பக்கத்திலேயே லஸ் முனையில் பஸ்ஸுக்காகக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்போம். வேன் காலியாக எங்களைக் கடந்து போகும். கிண்டியில் ஏறியதும் ஏகாம்பரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நா இன்னா சார் பண்றது? காலியா வரச் சொல்லி ஆர்டர் கீது. வயில உங்கள பாத்தாலும் பாக்காத மாரி போவணுமாம்."

மிட்டாய்

கவுண்டரில் இருந்த மிட்டாய்த் தட்டை உள்ளே எடுத்து வைத்து, கேட்டால் மட்டும் ஒன்று கொடுக்கச் சொன்னார் மானேஜர். வாராவாரம் வந்து சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து நேரம் சரிசெய்யும் ஆளையும் நிறுத்தினார். அப்புறம் நாங்களே சாவி கொடுத்தோம். அது தன் இஷ்டத்துக்கு மெதுவாக ஓடியது.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி மாதம் இருமுறை பம்பாய் போகிறவர். தட்டைத் தேடினார். ஒரே ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினேன்.

"ஏ தம்பி, எங்க கடையில ரெண்டு கெஜம் துணி எடுக்க வாறவனுக்கே கலர் சோடா வாங்கிக் குடுக்கோம். நீங்க ஆளையே வானத்துக்குத் தூக்கிட்டுப் போறீய, ஒரு முட்டாயிக்கு இந்த யோசனை யோசிக்கீயளே!"

பாஸ்

வருஷாந்தரச் சம்பள உயர்வு கிடையாது என்றபோது முணுமுணுத்துவிட்டு அடங்கினோம். அடுத்து வந்த உத்தரவு, ஊழியர் குடும்பங்களின் இலவச விமானப் பாஸை அந்த மாதக் கடைசியோடு ரத்து செய்தது. பெட்டி ஏற்றும் பிரிவிலிருந்த குலாம் ரசூல் பாய், பம்பாயில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கென்று தன் பாஸைத் தொடாமல் வைத்திருந்தவர். அவரும் சரி, மனைவி ஜமீலாவும் சரி, விமானத்தில் ஏறியதே இல்லை. மகளுக்கோ நாள் நெருங்கிவிட்டது. ஆனால் பாஸில் போகிறவர்கள் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். கவுண்டர் மூடும்போது ஸீட் மிஞ்சினால்தான் பயணம். இருமுறை காத்திருந்து திரும்பிப் போனார்கள்.

"வூட்டுக்காரி கேக்குறா சார், 'ஊர்ல உள்ள பொட்டியெல்லாம் ஏத்துறீங்களே, என்னை எப்ப ஏத்துவீங்க'ன்னு."

கடைசி நாள்

மாதத்தின் கடைசி நாள் காலை. பம்பாய் விமானத்தில் இரண்டு ஸீட் மிச்சம். வெள்ளைச் சட்டையில் ரசூல் பாய், பக்கத்தில் தகரப்பெட்டியோடு ஜமீலா. என் கைக்கடிகாரத்தில் மூடும் நேரம் ஆகிவிட்டது; சுவரில் இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. பேனாவைத் திறந்து அவர்கள் பெயரை எழுதப் போனேன். அண்ணாச்சி டிக்கெட்டை ஆட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

நேரமாகிவிட்டது என்றேன். மானேஜர் சுவரைக் காட்டினார். "ஆபீஸ் டைம் அதுதானய்யா. காசு கொடுத்த பாசஞ்சரைத் திருப்பி அனுப்புவியா?"

அண்ணாச்சி பெயரை எழுதினேன். மிஞ்சியது ஒரு ஸீட். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்து நின்றேன். ரசூல் பாய் பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமல், "அவள அனுப்புங்க சார். பொண்ணுக்கு அம்மாதானே வேணும்" என்றார். வெள்ளைச் சட்டைக்கு மேலே பெட்டி ஏற்றும்போது போடும் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு தகரப்பெட்டியைத் தூக்கினார்.

ஆட்களைச் சரிபார்க்க நானும் விமானப் படி வரை போனேன். முதல் படியில் நின்று ஜமீலா திரும்பினார்.

"இன்னிக்கும் பொட்டி ஏத்தத்தான் வந்தீங்களா?"

சிக்கனம் முடிந்து பாஸ் திரும்ப வந்தது 1978 ஏப்ரல் முதல் தேதி. ரசூல் பாய் ஓய்வு பெற்றது அதற்கு முந்தின நாள்.