வலிக்காத பல்

முதலில் வலிக்கவே இல்லை. பல் துலக்கும்போது கீழ்த்தாடையில் பொருத்திய பல்லைச் சுற்றி இரத்தம் கசிந்தது, வாயில் ஒரு கெட்ட வாடை நின்றது. அவ்வளவுதான்.

அது இம்ப்ளாண்ட் (தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் உலோக வேர், அதன்மேல் செயற்கைப் பல்). பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மலேசியாவின் ஜொகூர் பாருவில் வைத்தது. "இதுக்குச் சொத்தையே வராது" என்றார் பல் மருத்துவர். எப்படிப் பராமரிப்பது என்று கேட்டேன். அவர், கூட வந்திருந்த லாரி ஓட்டுநரான என் அப்பாவைப் பார்த்து, "உங்க மக ரொம்பக் கேள்வி கேக்குது லா" என்று சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கேட்கத்தான் படித்தேன். பதில்தான் வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து இரத்தம் வந்தபோது, உலு திராம் வீட்டில் அம்மா பார்லி காய்ச்சினார். "உடம்பு சூடு பாப்பா. அந்தப் பல்லப் போட்டுத் தேய்க்காத, திருகு கழண்டுக்கும்."

தேய்க்காமல் விட்டேன். இரத்தம் நிற்காததால் அதே மருத்துவரிடம் போனேன். ஆட்டிப் பார்த்தார். "ஆடலையே, ஓகே லா." எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை.

சீழ் வந்த பிறகு ஈறு நோய் நிபுணரிடம் போனேன். திரையில் எக்ஸ்ரேயைக் காட்டினார். திருகைச் சுற்றி எலும்பு குழியாகக் கரைந்திருந்தது. பெரி-இம்ப்ளாண்டைட்டிஸ் (பொருத்திய பல்லைச் சுற்றி ஈறு அழற்சி கண்டு எலும்பு அழிவது).

"தவறாம செக்கப்புக்குப் போனீங்களா?"

"போகணும்னு யாரும் சொல்லல டாக்டர்."

"சொல்லியிருக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்ததும் அது கோபமாகிவிட்டது.

அடுத்த முறை நிபுணர் ஈறைத் திறந்து சுத்தம் செய்தார். போன எலும்பு முழுதாகத் திரும்பாது என்றார். மீதி எலும்பு பிடித்திருக்கும்வரை பல் இருக்கும்.

"எத்தன வருசம் தாங்குமாம்?" என்றார் அம்மா.

"அவங்களுக்கே தெரியாதாம்மா."

"அலமாக், கடவுளே! இத வைக்கிறப்பவே சொல்றதுக்கு அந்தாளுக்கு வாய் இல்லையா?"

உங்களுக்கும் இப்படி ஒரு பல் இருந்தால், இரத்தத்தைச் சூடு என்று விடாதீர்கள், துலக்குவதையும் நிறுத்தாதீர்கள். ஆடவில்லை என்பதை நம்பாதீர்கள். எலும்பு பெரும்பாலும் போன பிறகுதான் அது ஆடும். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், திரும்பக் கேளுங்கள்.

சொந்தப் பல்லைச் சுற்றி மெல்லிய நார் உண்டு. அழுத்தினால் அது உணர்த்திவிடும். பொருத்திய பல்லுக்கு அது இல்லை. என் வாயில் அந்த ஓரிடத்தில் உடம்பு என்னிடம் பேசாது. நான்தான் போய்ப் பார்க்கவேண்டும். இப்போது இந்தப் பல்லின் காலம் ஓர் எக்ஸ்ரேயிலிருந்து அடுத்த எக்ஸ்ரே வரைக்கும்தான். அதற்கு மேல் யாரும் எனக்கு உறுதி சொல்ல வேண்டாம்.