நிழலில் நிற்பவர்களுக்கான கணக்கு

வின்னிபெக்கில் குளிருக்கு இரண்டு எண்கள். லிஃப்டில் ஒருவர் "மைனஸ் பதினெட்டு" என்பார். அடுத்தவர், "ஆனால் உடம்புக்கு மைனஸ் இருபத்தெட்டு" என்பார். வந்த புதிதில் எது உண்மையென்று விளங்காமல் இருவரையும் பார்த்துச் சிரித்து வைப்பேன். திருத்தணிக்குப் பக்கத்தில், எங்கள் கே.ஜி.கண்டிகையில், "வெயிலு கொளுத்துது" என்றால் முடிந்தது, எண்ணெல்லாம் கிடையாது. அங்கிருந்து வந்த எனக்கு, ஸ்மார்ட் வாட்ச் திரையில், உடம்பு உணர்கிற அந்த இரண்டாவது எண்ணைக் கணக்கிட்டுக் காட்டுவதே வேலையாக அமைந்தது.

குளிரென்றால் கணக்கில் காற்றின் வேகத்தைச் சேர்க்க வேண்டும். வெயிலென்றால் காற்றின் ஈரத்தை. குளிரைச் சோதிக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும். வெயிலுக்குச் சோதனை ஊராகத் திருத்தணியைப் போட்டேன். மே மாதத்தில் ஒரு காலை, மறுநாள் மதியத்துக்கு நாற்பத்தொன்று, உடம்புக்கு நாற்பத்தேழு என்று வந்தது. பக்கத்து இருக்கை கிளென் எட்டிப் பார்த்தார்.

"உன் ஊரா? கொடுத்து வைத்தவர்கள். எல்லோரும் கடற்கரையில் கிடப்பார்கள், இல்லையா?"

எங்கள் ஊரில் கடல் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

உடனே பாவாவுக்குப் போன் செய்தேன். அக்கா தேவகியின் கணவர் முனிரத்தினம், கட்டட மேஸ்திரி. சென்னையில் என் முதல் இன்டர்வியூவுக்குத் துணைக்கு வந்தவர். நான் வெளியே வந்தால் தேடக்கூடாதென்று, எதிரே மரமிருந்தும் கேட் பக்கத்திலேயே சாயங்காலம்வரை வெயிலில் நின்றிருந்தார்.

"பாவா, நாளைக்கு நாப்பத்தேழு மாதிரி இருக்கும். வேலைக்குப் போவாதீங்க."

"ஏம்மா, இருக்கிற வெயிலு பத்தாதுன்னு நீ வேற ஏத்திகினு இருக்கியா?" என்று சிரித்தார். "கனகம்மாசத்திரத்துல நாளைக்குத் தளம் போடறோம். கலவை மிஷினு வந்து நிக்குது. ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியுமா?"

மறுநாள் நான் கண் விழித்தபோது அக்காவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன, கூடவே ஒரு குரல் பதிவு. "பாவா விழுந்துட்டாரும்மா. ஒடம்பு நெருப்பா சுடுது, ஒரு பொட்டு வேர்வை இல்ல. என்னைப் பாத்து யாருன்னு கேக்கறாரு."

அன்று ஆபீசில், அந்த இரண்டாவது எண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தின் விளக்கத்தை முதலிலிருந்து படித்தேன். அது நிழலில் நிற்பவருக்கானது. நேர்வெயிலில் இருப்பவருக்கு இன்னும் பல டிகிரி கூட்ட வேண்டும். நான் சொன்ன நாற்பத்தேழு, அவர் நின்ற தளத்தின் சூடே அல்ல. வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு எண் காட்டலாம் என்று கிளெனிடம் கேட்டேன்.

"அதற்கு எதற்கு எண்? நிழலுக்குப் போகச் சொல்லி ஒரு குடைப் படம் போடு," என்றார். நல்ல மனிதர்தான். கடைசியில் திரையில் குடைப் படமே வந்தது.

பாவா பிழைத்துக்கொண்டார். நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. சூடு குளிர் அறிகிற இடம் மூளையில் பழுதாகிவிட்டது என்றார் டாக்டர். அவருக்கு எப்போதும் குளிர்கிறது.

அடுத்த ஏப்ரலில், பனி முழுதும் கரையாத வின்னிபெக்கிலிருந்து கிளம்பி ஊருக்குப் போனேன். ஃபேன் ஓடாத அறையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். நான் கையில் பிடித்துவந்த குளிர்கோட்டைத் தொட்டுப் பார்த்தார். அக்கா அதை வாங்கி அவருக்குப் போட்டு, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டாள். கோட்டின் கைகள் அவருக்குக் குட்டையாக இருந்தன.

"நீ கீற ஊர்ல... இப்பிடித்தான் குளுருமாம்மா?"

"ஆங் பாவா. இப்பிடித்தான்."

"பாவம்மா நீ," என்றார். பிறகு, "ஜன்னலைச் சாத்து."

சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். என் ரவிக்கை முதுகோடு ஒட்டி, வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் கோட்டுக்குள் அவர் நடுங்கினார். அவர் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன், அங்கே பனியில் நின்று வந்தவர்களின் கையைத் தேய்ப்பதுபோல.