ரம் பீப்பாயில் சர்பத்

எட்டாம் வகுப்பு முடித்த கையோடு என்னை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். கோட்டைப்பட்டினத்தில் எங்கள் பள்ளிவாசல் தெருவில் அதுதான் வழக்கம். ஆனால் நான் எங்கே உட்கார்ந்தேன்? கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டா பொறந்தே?" என்று அம்மா திட்டுவாள். டீச்சர் ட்ரெயினிங்கில் சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம் எனக்கு.

அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்குப் பினாங்கில் கடை. ஒருமுறை ஊருக்கு வந்தபோது, அங்கே யாரோ பாதிரியார் வீட்டு ஏலத்தில் எடுத்ததாக ஒரு புத்தகம் கொண்டுவந்தார். தோல் அட்டை, செல்லரித்த ஓரம். அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நூறு வருஷத்துக்கும் முன்னால் படித்த கணக்குப் புத்தகம். அத்தாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அட்டை அழகுக்காக வாங்கியிருக்கிறார். என் பிடிவாதத்தை அடக்க அது வசதியாகப் போயிற்று.

"இதுல உள்ள கணக்கு பூரா போட்டு வையி. அடுத்த சபர் முடிஞ்சு வந்ததும் ஒன்னையப் புதுக்கோட்டையில சேத்து விடுறேன்" என்றார். ஒரு சபர் என்று கப்பலேறிப் போனால் அவர் திரும்பிவர இரண்டு மூன்று வருஷமாகும்.

அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். என்ன கணக்குகள்! பாஸ்டனிலிருந்து கப்பல் கிளம்பும். ஒரு பீப்பாய் ரம் இத்தனை கேலன் என்றால் இருபது பீப்பாய் எத்தனை கேலன்? ஒரு பீப்பாய் பன்றிக்கறி இன்ன விலை என்றால் அரை பீப்பாய் என்ன விலை? எனக்குத் தமிழில் வாய்விட்டுச் சொன்னால்தான் கணக்கு வரும். அம்மா காதில் விழுந்துவிட்டது. புத்தகத்தை அடுப்பில் போடப் போனாள். நான் அழுத அழுகையில் கையை இறக்கினாள். பிறகு ஒரு சட்டம் போட்டாள்.

"அந்தப் பேரெல்லாம் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. அந்தத் தண்ணி வர்ற எடத்துல நன்னாரி சர்பத்துன்னு வச்சுக்க. அந்தக் கறி வர்ற எடத்துல கருவாடு."

அன்றிலிருந்து அமெரிக்கக் கப்பல்கள் எல்லாம் சர்பத்தும் கருவாடும் ஏற்றிக்கொண்டு போயின. அம்மாவுக்கே ருசி தட்டிவிட்டது. அம்மியில் அரைத்துக்கொண்டே, "இன்னிக்கு எத்தனை பீப்பா சர்பத்து போச்சு?" என்பாள். கருவாடுகூடக் கடல் தாண்டிப் போகிறது, நான் தெருமுனை தாண்ட முடியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும். கடைசிக் கணக்கையும் முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டேன். சும்மா இருக்க முடியவில்லை.

அத்தா வந்தார். பெட்டியைத் திறந்ததும் ஒரு கல்யாணச் சேலையை எடுத்து நீட்டினார். கூட்டாளி மகனை மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டாராம். நான் என் நோட்டுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நோட்டுகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மத்தியானம் அம்மா அவருக்குச் சோறு போட்டு, மீன் ஆணம் ஊற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். அவள் அத்தாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நீங்க சொன்ன சொல்ல நம்பித்தான் ரம்மையும் பன்னிக்கறியையும் இந்த வீட்டுக்குள்ள விட்டேன். இப்ப ஒரு பேச்சுக்குச் சொன்னேங்கிறீங்களே, அந்தப் பாவம் யாரைச் சேரும்?"

அத்தாவின் கை சோற்றிலேயே நின்றது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவினார்.

"புதுக்கோட்டைக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு பெயர்களையும் அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.