தரம் பார்க்கிற ஊசி மாமா

தோள்வரைக்கும் ஏறும் பிளாஸ்டிக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே அவர் மாட்டிடம் பேச ஆரம்பித்துவிடுவார். "பொறும்மா தாயி, பொறு. மாப்பிள்ளை நல்ல இடம். அவங்கம்மா ஒரு வேளைக்கே குடம் குடமா கறந்தவ. நீ ஒண்ணும் யோசிக்காதே." மாப்பிள்ளையோ ஒரு மெல்லிய குழலுக்குள் உறைந்துபோய்க் கிடப்பார். மாடு வாலைச் சுழற்றி அவர் கன்னத்தில் ஒன்று வைக்கும். "வெக்கம்," என்பார், கன்னத்தைத் துடைத்துக்கொண்டு.

பால் பண்ணைகளுக்குப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் தொழில். எல்லோருக்கும் அவர் ஊசி மாமா. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருக்கும், காளை விந்துக் குழல்களை உறையவைத்த கலத்தைத் திறந்தால் குபுகுபுவென்று வெண்புகை கிளம்பும். ஒருமுறை போலீஸ்காரர் வண்டியை மடக்கி, "உள்ள என்னய்யா?" என்று கேட்டார். "மாப்பிள்ளைங்க சார்," என்றார் மாமா, உள்ளது உள்ளபடி. அன்று மூன்று பண்ணைகளில் மாடுகள் காத்துக்கிடந்தன. மாமா காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொழிலைத் தொழுவத்தோடு விட்டுவிட்டு வரத் தெரியாது, அதுதான் அவரிடம் உள்ள தொல்லை. நான் பக்கத்து வீடு. அவர் மகளும் நானும் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். அவரோடு பஸ்ஸில் போவதைப் போல சங்கடம் வேறில்லை. "அந்தப் பொண்ணு நடை பாத்தீங்களா டீச்சர்? கால் அமைப்பு அற்புதம். கூட வர்றவனுக்கு முதுகு சரியில்ல. பொறக்கறது ரெண்டுங்கெட்டானா வரும்." இதை மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. எங்கள் தலைமை ஆசிரியருக்கு இரண்டாவது மகன் பிறந்தபோது, "மூத்ததவிட இந்த ஈத்து தேவலை சார்," என்று மனமார வாழ்த்தினார். அதோடு தலைமை ஆசிரியர் இந்தத் தெருப்பக்கமே வருவதில்லை.

"மாட்டுக்குப் பாக்கறதுல பாதி மனுஷனுக்குப் பாத்திருந்தா உலகம் என்னிக்கோ உருப்பட்டிருக்கும்" என்பது அவர் சித்தாந்தம். அவருக்குத் தட்டைப் பாதம். கல்யாணத்துக்கு முன்பே வழுக்கை. குறட்டை எங்கள் வீட்டு ஜன்னல்வரை வரும். "அப்படிப் பாத்தா மொதல்ல கழிச்சுக் கட்ட வேண்டியது உங்களத்தான்," என்பார் அவர் மனைவி, சமையலறையிலிருந்து தலையைக்கூட நீட்டாமல். மாமா தட்டை இழுத்துப் போட்டுக்கொள்வார். சாப்பாட்டு நேரத்தில் சித்தாந்தம் பேசுவதில்லை.

மகள் காதலித்தது மோட்டார் ரிப்பேர் செய்கிறவரை. குள்ளம். முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு அடங்காது. சிரித்தால் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம். நெடுநெடுவென்று வளர்ந்த ஊசி மாமா, பெண்ணின் கல்யாணத்தன்று என் காதில் புலம்பினார்: "மூணு தலைமுறையா சேத்து வெச்ச உயரம் டீச்சர்! கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா ஆயிடுச்சே." மருமகனுக்கும் அது கேட்டது. அவர் காற்றடித்தார். அவருக்கு எதற்கும் சிரிப்புதான்.

சில வருடங்களாகியும் குழந்தையில்லை. பரிசோதனையில் குறை மருமகனிடம் என்று தெரிந்தது. வேறொருவரின் விந்தணுதான் வழி என்றார் டாக்டர். அழுது, பேசி, பேசாமலிருந்து, கடைசியில் இருவருமே சம்மதித்தார்கள். விஷயம் மாமாவின் காதுக்குப் போனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இதுல நான் வராம வேற யாரு வருவா?"

மற்றதை மகள் எனக்குச் சொன்னாள். மருத்துவமனையில் விந்தணுக் கொடையாளரைத் தேர்ந்தெடுக்கும் அறைக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டருக்கு நேரே இருந்த நாற்காலியில் மாமாவே உட்கார்ந்துவிட்டாராம். மகள் ஒரு பக்கம். மருமகன் சுவரோரமாக நின்று, மேலே ஆடிக்கொண்டே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் அம்மா திரையைத் திருப்பி, மவுஸை மாமாவிடமே கொடுத்தார். உயரம், நிறம், ரத்த வகை, படிப்பு. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இவரோட அம்மா எப்படி?"

"அது தெரியாது சார்."

"கோவக்காரரா? சாப்பாட்டுல நொட்டை சொல்வாரா? ஒரு கஷ்டம்னா கூட நிப்பாரா, ஓடிருவாரா?"

"அதெல்லாம் டெஸ்ட்ல வராது சார்."

"அப்ப என்னத்தம்மா டெஸ்ட் பண்றீங்க?"

அதற்குப் பிறகு அவர் கை நகரவில்லை. "என்னப்பா, காலமெல்லாம் இதத்தானே செய்றீங்க?" என்றாள் மகள்.

"மாட்டுக்கு ஒரே கேள்விதாம்மா. எவ்ளோ பால்? அதுவும் நம்ம கேள்வி. மாட்ட யாரு கேட்டா? பெரிய பண்ணையில அந்த வெள்ளச்சி, நான் பாத்துப் பாத்து உண்டாக்குனவதான், மடி கனத்துல நடக்க முடியாம நிக்கிறா. பண்ணைக்காரனுக்கு அவ மொதல் தரம். அவளுக்கு?"

"சார், மதியத்துக்கு மேல டாக்டர் இருக்கமாட்டாங்க," என்றார் ஆலோசகர்.

அப்போது மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல் மருமகன் பேசினார். "நல்ல உயரமான ஆளாவே பாருங்க மாமா. என்னை மாதிரி வேணாம். ஸ்கூல்ல பட்டப்பேர் வெப்பாங்க. எனக்கு வெச்சாங்க." சொல்லிவிட்டுக் காற்றடித்தார். சத்தம் பாதியிலேயே நின்றுவிட்டது.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, முன்பல்லு கொஞ்சம் தூக்கலான ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

தட்டச்சு செய்துகொண்டிருந்த ஆலோசகரின் விரல்கள் அப்படியே நின்றன. "சார்?"

"குள்ளமா இருந்தாலும் பரவால்ல. ஆனா சத்தமா சிரிக்கணும்."

"சார், அதெல்லாம் வேணாம்னுதான் எல்லாரும் இங்க வர்றாங்க!"

"நாங்க வேணும்னு வந்திருக்கோம்."

"பல்லு பத்தி இதுல விவரமே இல்ல சார்," என்றார் அந்த அம்மா, பாவமாக.

மாமா எழுந்தார். மருமகனின் தோளைப் பிடித்து அழைத்துவந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தார். கிரீஸ் கறை போகாத அந்தக் கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தார். பிறகு திரை கண்ணில் படாதபடி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.