கூனி சம்பலில் மறைந்த கச்சான்

மாத்தளை நகரில் வாசனைத் திரவியங்களைப் பரிசோதிக்கும் சிறிய ஆய்வுகூடமொன்றில், அறிக்கைகளுக்கு ஒப்பமிடும் பொறுப்பு பதினோர் ஆண்டுகளாக ஸஹ்னாவுடையது. உரிமையாளர் சாலிஹ் அவளுடைய கணவனின் தாய்மாமன். கணவன் ஷிஹாம் அங்கேயே வேன் ஓட்டினான். குடியிருந்ததும் அதே கட்டடத்தின் மேல்மாடியில், சாலிஹின் தயவில்.

மிளகோ கறுவாவோ, எதைச் சோதித்தாலும் 'இல்லை' என்று வரும் முடிவை ஸஹ்னா உடனே நம்பமாட்டாள். தேடிய பொருளைத் தானே சிறிது கலந்து மறுபடி சோதிப்பாள். கலந்தது அகப்பட்டால்தான் ஒப்பம்.

"ஒங்களுக்கு வஸ்வாஸ் மகள்! உளூ முறிஞ்சிச்சோ, முறிஞ்சிச்சோன்னு ஹவ்ளடியிலயே நிக்கிற ஆள் மாதிரி" என்று, தொழுகைக்கு முன் கைகால் கழுவியதையே ஓயாமல் சந்தேகிப்பவரோடு ஒப்பிட்டு, சாலிஹ் கேலி செய்வார்.

அன்று வந்தது உக்குவளை ஆலையொன்றின், உலர்ந்த சிற்றிறாலில் செய்த கூனி சம்பல். கச்சான் என்னும் நிலக்கடலையும் வறுக்கும் ஆலை அது. ஏற்றுமதிப் போத்தலில் 'கச்சான் இல்லை' என்று அச்சிட வேண்டுமாம். உள்ளே கச்சான் இருந்தால், அந்த வாசகத்தை நம்பி உண்ணும் ஒவ்வாமைக்காரப் பிள்ளைக்கு மூச்சே அடைத்துவிடும்.

சோதனைத் தட்டின் குழிகளில் கச்சான் புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரிகள் பூசப்பட்டிருந்தன. பற்றினால் மஞ்சள் நிறம் தோன்றும். தோன்றவில்லை. வழக்கப்படி பத்துப் பங்கு கச்சான் கலந்தாள்; இரண்டு பங்கே தெரிந்தது. கூனியின் புரதங்கள் குழிகளில் அப்பிக்கொண்டு கச்சானை அண்டவிடவில்லை.

"மொத சோதனையில இல்லன்னுதானே வந்திச்சு? ஆலக்காரர் வாசல்ல நிக்கிறார். சைன் பண்ணுங்க" என்றார் சாலிஹ்.

"கூனி மறைக்குது மாமா. அந்த 'இல்ல'ய நம்ப ஏலாது."

"என் வீட்ல இருந்துக்கிட்டே எனக்குக் குழி தோண்டுறீங்களா?"

கதவருகே நின்ற ஷிஹாம் தலையைக் குனிந்துகொண்டான். "போட்டுருங்க ஸஹ்னா. நாங்க வேற எங்க போறது?"

ஸஹ்னா சம்பல் சாற்றை இருபது மடங்கு நீர்க்கச் செய்து மீண்டும் சோதித்தாள். கூனியின் பிடி தளர்ந்தது. எதையும் கலக்காத குழிகளே மஞ்சளாயின. இனி அறியாதவள்போல் இருக்கவும் வழியில்லை.

'கச்சான் உண்டு' என்றெழுதி ஒப்பமிட்டாள். சாலிஹ் அதை வாசித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

"மாசம் முடிய மேல் வீடு எனக்கு வேணும்."

"அறிக்கைய அவர்கிட்ட குடுப்பீங்களா மாமா?"

அவர் சட்டைப்பையின் பொத்தானைப் பூட்டினார். ஸஹ்னா இன்னொரு தாளில் அதையே எழுதி ஒப்பமிட்டாள். கதவு நிலையில் கையை ஊன்றி ஷிஹாம் வழிமறித்து நின்றான்.

"வெலகுங்க."

அவன் விலகவில்லை. அவள் அந்தக் கைக்குக் கீழாகக் குனிந்து, ஆலைக்காரர் நின்ற வாசலுக்குப் போனாள்.