டப்பாவுக்கும் ஒரு தட்டு

ரங்கூனில் தெருவில் யாரைப் பார்த்தாலும் "தமின் சா பீபிலா" என்பார்கள். சாப்பிட்டாயிற்றா என்று பொருள். பதிலுக்கு யாரும் நிற்பதில்லை. வணக்கம் சொல்வது மாதிரிதான் அது. கப்பலேறி இங்கே வந்த பிறகு அந்தக் கேள்வியே எனக்கு உத்தியோகமாகிவிட்டது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறேன். பதில் வரும்வரை நகர்வதில்லை. "இன்னாத்த துன்றது, சோறுதான்" என்கிறார்கள். காலையில் என்ன என்றால், "நாஷ்டாவா? அதெல்லாம் நம்ம ஊட்ல ஏது" என்று சிரிக்கிறார்கள். என் காகிதங்களில் 'தாயகம் திரும்பியவர்' என்று எழுதியிருக்கிறது. ஆனால் என் தமிழைக் கேட்டுவிட்டு "நீ எந்த ஊருக்கா?" என்று விசாரிக்காத வீடு இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

பெரியவர்களுக்குச் சாப்பாட்டின் வழியாக இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் எவ்வளவு கிடைக்கின்றன என்று கண்டறிவதுதான் எங்கள் ஆய்வு. கேட்டு எழுதுவது ஒரு வழி. அதில் மறதி குறுக்கே வரும். சமைக்கும் முன் அரிசியையும் பருப்பையும் நிறுப்பது இன்னொரு வழி. பானைக்குள் போனது தெரியும், பானையிலிருந்து யாருக்கு எவ்வளவு போயிற்று என்பது தெரியாது. மூன்றாவது வழியில், ஒருவர் தட்டில் என்ன இருக்கிறதோ அதே அளவு, அதே பண்டங்கள் இன்னொரு தட்டிலும் வைக்கப்படும். முதல் தட்டை அவர் சாப்பிடுவார். இரண்டாவது தட்டை நான் மூடி போட்ட டப்பாவில் வாங்கிக்கொள்வேன். ஆய்வுக்கூடத்தில் அதை உலர்த்தி, எரித்து, சாம்பலில் உள்ள இரும்பை அளப்பார்கள். எங்கள் டாக்டரம்மாவுக்கு இந்த மூன்றாவது வழியில்தான் நம்பிக்கை.

ரங்கூனில் எங்கள் அடுத்த வீட்டுப் பர்மியக் குடும்பம் வட்டமான குட்டை மேசையைச் சுற்றி ஒன்றாக உட்காரும். கறிக் கிண்ணங்கள் நடுவில் இருக்கும். யார் எத்தனை கரண்டி எடுத்தார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படும். இங்கே ஆரம்பாக்கத்தில் பெண்கள் கடைசியில், அடுப்படியில், தனியாகச் சாப்பிடுகிறார்கள். சாப்பிடுகிறவளை உட்கார்ந்து பார்ப்பது மரியாதையல்ல என்பதால் நான் வாசலில் காத்திருப்பேன். டப்பா கைக்கு வந்ததும் கிளம்புவேன்.

அப்படிப் போய்வந்த வீடுகளில் ஒன்று கன்னியம்மாளுடையது. கணவர் முனுசாமி ரயிலில் போய்வரும் இரும்புப் பட்டறைத் தொழிலாளி. அவளுக்கு நாக்கும் நகமும் வெளுத்திருந்தன. நாற்று நடும்போது இருமுறை மயங்கி விழுந்திருக்கிறாள். ரத்தத்தைச் சோதித்தோம், மிகவும் குறைவு. வயிற்றில் புழுவும் இல்லை. ஆனால் அவள் கொடுத்த டப்பாவின் சாம்பலில் இரும்பு தாராளமாக இருந்தது. இவ்வளவு சாப்பிட்டும் ரத்தம் ஊறவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று டாக்டரம்மா முடிவு செய்தார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, எலும்புக்குள் ஊசி விட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அதைச் சொல்ல நான்தான் போனேன். முனுசாமி அன்று வேலைக்குப் போகவில்லை. "ரத்தத்துல புத்துநோயாக்கா?" என்று கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவர் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். கன்னியம்மாள் மட்டும், "வேகாத வெயில்ல வந்துகிற, துன்னுட்டுப் போ" என்று என்னை அடுப்படிக்கே இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். கப்பலிறங்கிய முகாமில் வரிசையில் நின்று தகரக் குவளையில் வாங்கியதைத் தவிர, இந்த நாட்டில் எனக்கென்று ஒருவர் தட்டு வைத்தது அதுதான் முதல் தடவை. சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. அந்தத் தட்டை எனக்குத் தெரியும். அவள் டப்பாவில் ஒவ்வொரு முறையும் வந்தது அதேதான். பக்கத்தில் அவளுக்கென்று ஒரு கிண்ணம் இருந்தது. அதில் பழைய சோறும் ஒரு பச்சை மிளகாயும்.

டப்பாவில் போட்டதும் நீ சாப்பிட்டதும் ஒன்றுதானா என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது.

"டாக்டரம்மா ஊட்டுக்குப் போற சோறுக்கா அது. பழையதையா குடுத்தனுப்புவாங்க?"

சாம்பலுக்காகத்தான் வாங்குகிறோம், யாரும் சாப்பிடுவதற்கில்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். ஒரு வீட்டிலிருந்து வெளியே போகும் தட்டு விருந்தாளியின் தட்டுதான் என்பது அவள் கணக்கு. எங்கள் ஆய்வு அளந்தது அவள் உபசாரத்தை. அந்த டப்பாவை நம்பித்தான் அவள் எலும்பில் ஊசி இறங்க இருந்தது. அதைச் சொல்லி, இனி உன் கிண்ணத்தில் உள்ளதையே டப்பாவில் போடு என்றேன். முடியவே முடியாது என்றாள். பெண்டாட்டிக்குச் சோறு போடாதவன் என்று அவரை ஊர் பேசுமாம்.

வாசலில் கேட்டுக்கொண்டிருந்த முனுசாமி எழுந்து வந்தார். கிண்ணத்தை எடுத்து என் டப்பாவில் கவிழ்த்தார்.

"மானம் போவுதுய்யா" என்றாள் அவள்.

"போனா போவட்டும். ஊசி உன் எலும்புல எறங்குதா, ஊர்க்காரன் வாயிலயா? இத்த எடுத்துக்கினு போக்கா."

என் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். தொட மறுத்துவிட்டாள். அன்று அதை நான் சாப்பிட்ட பிறகுதான் எழ விட்டாள்.

அடுத்த சில நாட்கள் வாசலில் நிற்காமல் உள்ளேயே உட்கார்ந்து, அவள் உண்மையாகச் சாப்பிடுவதையே அதே அளவு டப்பாவில் வாங்கிப் போனேன். சாம்பலில் இரும்பு சொற்பமாக இருந்ததைப் பார்த்த டாக்டரம்மா பட்டணத்துப் பயணத்தை நிறுத்திவைத்தார். இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்றார். அறுவடை நேரத்தில் மறுபடி ரத்தம் எடுத்தபோது நன்றாகவே ஏறியிருந்தது.

அதைச் சொல்லப் போன நாள் அவள் எனக்குத் தட்டு வைக்கவில்லை. தான் குடிக்கிற மாதிரி ஒரு கிண்ணத்தில் கேழ்வரகுக் கூழை ஊற்றி நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஊர்க்காரியாகிவிட்டேன் என்று நினைத்தேன். ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. உறியிலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து, நூலால் அறுத்து, பாதியை என் கிண்ணத்து ஓரத்தில் வைத்தாள். மீதிப் பாதியை என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.