ஒட்டகம் குடித்த காபி

அந்த வட்டாரத் திட்ட அலுவலருக்கு ஊர் வைத்த பெயர் ஒட்டகம். முதுகில் திமில் எதுவும் கிடையாது. ஆய்வுக்குப் போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார், அவ்வளவுதான். காலையில் அலுவலகக் கிணற்றில் பாதியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறார், கோடையில் அது வற்றுவதே அதனால்தான் என்று சத்தியம் செய்யவும் ஆள் இருந்தது.

விண்ணப்பம் போட்டவர் வீட்டில் கை நனைத்துவிட்டால் அனுமதி கொடுத்தாலும் பழி, மறுத்தாலும் பழி. அந்த வட்டாரத்தில் விண்ணப்பம் போடாத வீடு ஏது? ஆகவே எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவர் உட்கார்ந்ததில்லை. மனைவி இருந்தவரை அது உறைக்கவில்லை. அவள் போன பிறகு, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது வீடு ‘ணங்’ என்று ஒரு வார்த்தை பேசும். பேச்சுத் துணை அவ்வளவே.

கிராமங்களுக்கான புதிய கொள்கையை எழுதியவரும் அவர்தான். ஊர் முழுக்கப் பாலையே நம்பியிருந்தது. பால் பண்ணை கொள்முதலைக் குறைத்ததும் ஊரே மூக்கைச் சிந்தியது. “ஒத்தைக் கால்ல நிக்க ஊரு என்ன கொக்கா?” என்று கூட்டத்தில் கேட்டார். அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல் இல்லையென்றால், காலியான கொட்டகைகளில் பட்டறை, தையற்கூடம், கடை எது வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விதி வந்தது.

முதல் விண்ணப்பம் மாடுகளை விற்றுவிட்ட ஓர் அம்மாளுடையது. கொட்டகையில் சாப்பாட்டுக் கடை வைக்க வேண்டுமாம். அளக்கப் போனவரை மழை பிடித்துக்கொண்டது.

“நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறீங்களே சார், இந்தாங்க காபி.”

“வேண்டாம்மா. விதி.”

“விதிக்குக் குளிராது சார். உங்களுக்குக் குளிருதே!”

குடித்துவிட்டார். மாடுகள் போன பிறகு விடிந்தால் திட்ட ஆளில்லை, கடை வந்தால் நாலு மனிதரையாவது திட்டலாம் என்றாள் அம்மாள். அவர் சிரித்தார். சிரித்தது யார் என்று தானே திரும்பிப் பார்த்தாராம்.

“கடை வரட்டும் சார், அந்த ஜன்னலோரம் உங்களுக்குத்தான்.”

பேருந்தில் வீடுவரை அந்த ஜன்னலோரம் கூடவே வந்தது. நாலு பேர் நடுவில் உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடு. அவருக்கு வேறென்ன வேண்டும்?

அனுமதி கொடுக்கும் குழுவின் கூட்டத்தில் பாதிப் பேர் ஆதரவு, பாதிப் பேர் எதிர்ப்பு. அவர் கையைத் தூக்கினால் கடை உண்டு. அவர் எழுந்து நின்றார்.

“இதுல நான் கை தூக்க முடியாது. அவங்க வீட்ல காபி குடிச்சிட்டேன்.”

“ஒரே ஒரு காபிக்கா சார்?” என்றார் தலைவர்.

“ரெண்டு. ரெண்டாவது நானே கேட்டு வாங்கினது.”

சிரிப்பில் கூரை ஓடு நகர்ந்தது. அவர் வெளியே போய் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்த துணை அலுவலர், கொள்கையை ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டுக் கை தூக்கினாள். கடை வந்தது. இனி அம்மாளின் கோப்பு எதுவும் அவரிடம் வராது என்றும் முடிவாயிற்று. அதாவது, அங்கே அவர் தாராளமாகச் சாப்பிடலாம்!

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கடை நிறைய ஜனம். உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கியது. ஜன்னலோரப் பெஞ்சில் இருந்த தச்சர் தட்டோடு எழுந்தார்.

“தப்பா நினைக்காதீங்க சார். என் பட்டறைக் கோப்பு உங்ககிட்டதான் இருக்கு. கூட உக்காந்து சாப்பிட்டேன்னு எவனாவது கிளப்பிவிட்டா?”

தையற்காரம்மாவும் எழுந்தாள், தேனீ வளர்க்கிறவரும் எழுந்தார். கொள்கை அவ்வளவு நன்றாகப் பலித்திருந்தது. ஊரில் எல்லாரிடமும் ஒரு விண்ணப்பம் இருந்தது.

“நின்னா சோறு ஆறாதா சார்?” என்று அம்மாள் அதட்டிவிட்டு அடுத்த தட்டுக்கு ஓடினாள்.

அவர் உட்கார்ந்தார். பின்னால் பேச்சு மறுபடி கிளம்பியது: யார் மகளுக்கு வேலை கிடைத்தது, யார் மாமியார் கோபித்துக்கொண்டு போனாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, அந்தப் பேச்சைத் தொட்டுக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டார்.